ஆஜர்

யோசித்து வைத்திருந்த இரண்டு நகைச்சுவையும் எடுபடவில்லை.

மணியடிக்க இன்னும் ஆறு நிமிடம் இருந்தது. கடைசி பெஞ்சில் பிரின்சிபால் உட்கார்ந்திருந்தார். மடியில் நோட்டு திறந்திருந்தது.

அழகுமலை அந்தக் கல்லூரிக்குச் சரித்திரப் பாடம் எடுக்க வந்து மூன்று மாதம்தான் ஆகிறது. வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. உங்கள் வகுப்பு இழவு வீடு மாதிரி இருக்கிறது என்று பிரின்சிபால் போன வாரம் கூப்பிட்டுச் சொன்னார். பையன்கள் கொஞ்சமாவது சிரிக்க வேண்டும். வியாழக்கிழமை நானே வந்து உட்காருகிறேன். தேறினால் மறுநாள் யுனிவர்சிட்டி கமிட்டியை உங்கள் வகுப்புக்கே அழைத்து வருவேன். தேறாவிட்டால் பொங்கலுக்கு ஊருக்குப் போகிறவர் அங்கேயே இருந்துகொள்ளலாம்.

அதனால்தான், துக்ளக் தலைநகரை மாற்றியபோது அரண்மனைச் சமையல்காரன் அம்மிக்கல்லை எந்த வண்டியில் ஏற்றினான் என்று கேட்டுப் பார்த்தான்.

ஒருவனும் அசையவில்லை. இரண்டாவது வரிசையில் ஒரு குரல் மட்டும் கிசுகிசுத்தது.

"மாப்ள, இதுக்குச் சிரிக்கணுமா, நோட்ஸ் எடுக்கணுமா?"

பிரின்சிபால் கடிகாரத்தைப் பார்த்தார்.

அழகுமலை வேறு வழி தெரியாமல் வருகைப் பதிவேட்டைத் திறந்து பெயர் வாசிக்க ஆரம்பித்தான்.

"பாதுஷா."

"பிரசன்ட் சார்."

"காசிமாயன்."

மற்றவர்கள் உட்கார்ந்தபடியே பதில் சொல்வார்கள். இவன் மட்டும் எழுந்து நிற்பான். கையைக் கட்டிக்கொண்டு, தரையைப் பார்த்து, ஒரே மூச்சில் ஒப்பிப்பான்.

"காசிமாயன், தகப்பன் பேரு பேயாண்டி, ஊரு வாகைக்குளம், ஆஜர்."

மூன்று மாதமாகக் கேட்டதுதான். பட்டிக்காட்டுப் பழக்கம் என்று அழகுமலை விட்டிருந்தான். இன்று வாயில் வந்துவிட்டது.

"நேத்து ராத்திரி எங்கேயும் களவு போகலப்பா. தைரியமா உட்காரு!"

முதலில் சிரித்தவன் காசிமாயன்தான். பிறகு வகுப்பே வெடித்தது. பெஞ்சைத் தட்டினார்கள். பிரின்சிபாலின் தோள்கள் குலுங்கின. அவர் நோட்டை மூடிக்கொண்டு எழுந்தார். வாசலில் நின்று, நாளைக்குக் கமிட்டியோடு வருகிறேன், இதே மாதிரி இருக்கட்டும் என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொல்லிவிட்டுப் போனார்.

மணி அடித்தது. அழகுமலை பதிவேட்டை மூடினான்.

பையன்கள் கலைந்த பிறகும் காசிமாயன் போகவில்லை. மேஜையருகே வந்தான்.

அழகுமலை நிமிர்ந்து பார்த்தான். மனம் நொந்துவிட்டானோ? பிரின்சிபாலிடம் போய்ச் சொல்வானோ?

காசிமாயன் நாலாக மடித்த அச்சுத்தாள் ஒன்றை நீட்டினான்.

"நாளைக்குச் சாயங்காலம் ஊருக்குப் போறேன் சார். வார்டன் லீவுல இருக்காக. பாடம் எடுக்குற சார் கையெழுத்துப் போட்டாலும் போதும்னு ஊரு ஸ்டேஷன் ஏட்டய்யா சொன்னாக."

அழகுமலை வாசித்தான். குற்றப் பரம்பரைச் சட்டப்படி பதிவு செய்யப்பட்ட மேற்படி நபர், கீழ்க்கண்ட இரவுகளில் வேறெங்கும் செல்லாமல் கல்லூரி விடுதியிலேயே இருந்தார் என்று உறுதி கூறுகிறேன்.

மதுரைக்கு மேற்கே சில ஊர்களில் ஆண்பிள்ளைகள் களவு செய்தாலும் செய்யாவிட்டாலும், பிறந்த சாதிக்காக இரவுதோறும் போலீசிடம் பேரும் தகப்பன் பேரும் சொல்லி ஆஜர் கொடுக்க வேண்டும் என்று கேள்விப்பட்டிருந்தான். தன் வகுப்பில் உட்கார்ந்திருப்பவனுக்கும் அது உண்டு என்று நினைத்ததில்லை.

தாளில் பதினாலு தேதிகள். ஒவ்வொன்றுக்கும் எதிரே காசிமாயனின் கட்டைவிரல் ரேகை. வகுப்பிலேயே அழகான கையெழுத்து அவனுடையது.

அழகுமலை கையெழுத்துப் போட்டான். எழுத்து கோணிக்கொண்டு போயிற்று.

"நீதானப்பா மொதல்ல சிரிச்ச?"

"நான் சிரிக்கலேன்னா ஏன்னு யோசிப்பாகள்ல சார். இங்க யாருக்கும் தெரியாது."

தாளை ஊதிக் காயவைத்து மடித்துச் சட்டைப்பையில் வைத்தான். வாசல் வரை போனவன் திரும்பினான்.

"கமிட்டின்னு பயப்படாதீக சார். நாளைக்கும் அதே மாதிரி எந்திரிச்சுச் சொல்றேன்."