இரண்டாவது புள்ளடி

"என்ன மச்சான் இது? வெண்டவன் நீ, மாலை என்ர கழுத்திலயா?"

அருளம்பலம் மாலையைக் கழற்றப் பார்த்தார். தாஹிர் விடவில்லை. அவருடைய இரண்டு கைகளையும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு அழுதார். ஐம்பதைத் தாண்டிய மனிதர், நேற்றுத்தான் பாராளுமன்ற உறுப்பினராகத் தெரிவானவர். கிண்ணியா ஊரே வெடி கொளுத்திக் கொண்டாடிக்கொண்டிருக்க, அவர் தன் வீட்டு விறாந்தையில் நின்று குழந்தைபோல அழுதார்.

வாழ்த்த வந்த சனம் ஒன்றும் விளங்காமல் மெல்ல முற்றத்தில் இறங்கியது. அருளம்பலத்துடன் வந்த அவருடைய தேர்தல் முகவர் இராசையா மட்டும் வாசலோடு நின்றுகொண்டார்.

அது இரண்டு பேரைத் தெரிவுசெய்யும் இரட்டை அங்கத்தவர் தொகுதி. வாக்குச்சீட்டில் ஆளுக்கு இரண்டு புள்ளடி போடலாம். கொழும்பிலிருந்து வந்து இறங்கிய பெரிய கட்சிக்காரரைச் சமாளிக்க, பள்ளிக்கூடத் தோழர்களான இருவரும் ஓர் உடன்பாடு செய்திருந்தார்கள். தமிழ்ச் சனம் முதல் புள்ளடியை அருளம்பலத்துக்கும் இரண்டாவதைத் தாஹிருக்கும் போடுவது. முஸ்லிம் சனம் முதலாவதைத் தாஹிருக்கும் இரண்டாவதை அருளம்பலத்துக்கும் போடுவது. கட்சி வேறு வேறு என்றாலும் மேடை ஒன்றுதான். இரண்டு பேரும் கைகோத்து உயர்த்தியபோது சனம் விசிலடித்து ஆர்ப்பரித்தது.

முடிவு வேறு மாதிரி வந்தது. பெரிய கட்சிக்காரர் முதலாவது, தாஹிர் இரண்டாவது. அருளம்பலம் சொற்ப வாக்குகளில் வெளியே.

"தோத்தவன் நான். நான் அழேல்ல, நீ ஏனடா அழுறாய்?" என்றார் அருளம்பலம்.

"நான் உனக்குத் துரோகம் செஞ்சிட்டன் மச்சான்."

"என்ன கதை கதைக்கிறாய்?"

தாஹிர் கதிரையில் விழுந்தார். "தேர்தலுக்கு முதல் நாள் எங்கட ஆக்கள் வந்து என்னைப் பயப்படுத்திட்டாங்க. ரெண்டாவது புள்ளடியை உனக்குப் போட்டா நீ மேலே போயிருவாய், நான் மூண்டாவதாப் போயிருவன் எண்டாங்க. எனக்கும் பயம் பிடிச்சிட்டுது. 'ஒரு புள்ளடி போதும், மத்ததை ஆருக்கும் போடாம விடுங்க' எண்டு ரகசியமா வீடு வீடாச் சொல்லி அனுப்பினன். எங்கட சனம் அப்படியே கேட்டுட்டுது."

அருளம்பலத்தின் முகம் கறுத்தது. ஏதோ சொல்ல வாயெடுத்தவர், சொல்லாமல் நிறுத்திக்கொண்டார்.

"உன்ர சனம் அப்படிச் செய்யேல்ல மச்சான்! எங்கட வாக்கு மட்டும் எண்டா நான் வெண்டிருக்க ஏலாது. சம்பூரில, மூதூரில எல்லாம் உன்ர சனம் எனக்கும் போட்டிருக்கு. நீ சொன்ன சொல்லைக் காப்பாத்தினாய். நான் உன்ர முதுகில குத்தினன்."

உள்ளே கதவோரம் நின்ற தாஹிரின் மனைவி நஜ்முன் நிஸாவும் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அருளம்பலம் யன்னல் பக்கம் திரும்பி நின்றார். மன்னிப்பாரா, மாலையை அறுத்தெறிந்துவிட்டுப் போவாரா என்று தெரியாமல் தாஹிர் அவருடைய முதுகையே பார்த்துக்கொண்டிருந்தார். நாற்பது வருஷத்துச் சிநேகிதம் அவர் சொல்லப்போகும் ஒரு வார்த்தையில் தொங்கிக்கொண்டிருந்தது.

"விடு மச்சான்," என்றார் அருளம்பலம் கடைசியில். "பயம் வந்தா மனிசன் செய்யிறதுதானே. நான் ஒண்டும் மனசில வைக்கேல்ல."

தாஹிர் எழுந்து ஓடிவந்து கட்டிக்கொண்டார். "அல்லாஹ் மேல சத்தியம், அடுத்த முறை நான் நிக்கமாட்டன். உனக்காக நானே வீடு வீடா ஏறி இறங்குவன்."

வேண்டாம் என்று அருளம்பலம் சொல்லவில்லை.

"இப்படிப் பெரிய மனசு ஆருக்கு வரும் அண்ணன்?" என்றபடி நஜ்முன் நிஸா தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தாள். அருளம்பலம் ஒரு மிடறு குடித்தார். கோப்பையை அப்படியே வைத்தார். தலை நோகிறது என்று சொல்லிப் புறப்பட்டார்.

துறை வரைக்கும் தாஹிரின் ஆட்கள் வந்து வழியனுப்பினார்கள். 'இவரல்லவா மனிதர்' என்று ஒருவர் மற்றவரிடம் சொன்னது அவர் காதில் விழுந்தது. ஆட்களை அக்கரைக்கு ஏற்றிப்போகும் மிதவைப் பாதை கரையை விட்டு விலகியது. அருளம்பலம் கம்பியைப் பிடித்தபடி கிண்ணியாப் பக்கம் திரும்பாமல் நின்றார். ஓடிப்போய்த் தண்ணீருக்குள் குதித்துவிடலாம் போல அவருக்கு வெட்கமாக இருந்தது.

இராசையா பக்கத்தில் வந்தார். "ஐயா, அந்த மனிசன் அவ்வளவு அழேக்க நீங்களும் சொல்லியிருக்கலாமே?"

"சொல்லத்தான் வந்தனான் இராசையா. அவன் முந்தியிட்டான். பிறகு எனக்கு வாய் வரேல்ல."

இராசையா குரலைத் தாழ்த்தினார்.

"இரண்டாவது புள்ளடியை ஆருக்கும் போட வேண்டாமெண்டு நீங்கள் ரகசியமாச் சொல்லி அனுப்பினதை நானும்தான் தேர்தலுக்கு முதல் நாள் சம்பூர் முழுக்கக் கொண்டு திரிஞ்சனான். ஒரு வீட்டிலயும் என்னை நம்பேல்ல ஐயா. 'எங்கட அருளம்பலம் ஐயா செத்தாலும் அப்பிடிச் சொல்லமாட்டார், நீதான் பொய் சொல்லுறாய்' எண்டு என்னையெல்லோ அடிச்சுத் துரத்திவிட்டவையள்!"