கழிப்பறைக்கு வந்த காடு

"இந்தக் காடு ஓர் உயிர், அதன் ஒவ்வொரு துளிரும் மனிதகுலத்துக்கு வந்த மடல்" என்று கல்வெட்டில் பொறித்து வைத்தவர் மேல்மலை ஆஸ்பென் காட்டின் இயக்குநர் முனைவர் திருவரங்கன். போன வாரம் ஒரு மடல் அவர் வீட்டுக் கழிப்பறைக்கே வந்து சேர்ந்தது.

ஆஸ்பென் காட்டுக்கெல்லாம் ஒரே வேர்தான். மேட்டில் ஒரு மரத்தை வெட்டினால் பள்ளத்தில் பத்துத் துளிர் கிளம்பும். முப்பது வருடம் வளர்ந்து மரமாகும்வரை துளிரைத் தொட்டவருக்கு ஆறு மாதம் சிறை. அந்தச் சட்டத்தை எழுதியவரும், கணக்கெடுக்க எந்திரக் குருவிகளைப் பறக்கவிட்டுத் துளிருக்குத் துளிர் எண் மாட்ட வைத்தவரும் திருவரங்கன்தான். போன வருடம் மரம் வெட்டும் விருமாயியின் அடுப்படியில் துளிர்த்தபோது, வீட்டைக் காலி செய்ய வைத்து, மேடையேற்றிப் பொன்னாடையும் போர்த்தினார்.

இப்போது அவளைத்தான் ரம்பத்தோடு வரச் சொல்லியிருந்தார். கழிப்பறைக் கோப்பையைப் பிளந்துகொண்டு இடுப்புயரத்துக்கு நின்றது துளிர்.

"யாருக்கும் தெரியாம அறுத்துடும்மா."

விருமாயி குனிந்து பார்த்தாள். தண்டில் எண் பொறித்த தகரத் தகடு தொங்கியது.

"எந்திரக் குருவி சன்னல் வழியா வந்து நம்பர் போட்டுட்டுப் போயிருக்கே சாமி. இனிமே தொட்டா ரெண்டு பேருக்கும் களிதான்."

"அப்போ நான் எங்கே போறது?"

"அன்னைக்கு நானும் இதைத்தானே கேட்டேன்? காட்டுக்கு எடம் குடுத்த புண்ணியவதின்னு சொன்னீங்க. அந்தப் பொன்னாடை பெட்டிக்குள்ளதான் கெடக்கு, கொண்டாரவா?"

மறுநாள் காலையில், கூலியாட்கள் குடியிருப்பின் பொதுக் கழிப்பறை வரிசையில், விருமாயிக்குப் பின்னால் வாளியோடு முனைவர் திருவரங்கன் நின்றார்.