கண்ணாடி நிறைய ஆயில்

விபத்தை விசாரிக்க வந்த ஆபீசர், கல் அள்ளும் லோடர் வண்டியின் ஆயில் அளவு காட்டும் கண்ணாடியைக் கைக்குட்டையால் துடைத்தபோது, மெக்கானிக்கின் மனைவி சிரிப்பு வந்துவிடாமல் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள். அந்த வண்டியை ஓட்டியவரை அடக்கம் செய்து முழுதாக இரண்டு நாள் ஆகவில்லை. குவாரி வாசலில் கூடியிருந்த தெரு இதைப் பார்க்காமல் விடுமா?

எழவு விழுந்த இடத்தில் இவளுக்கு என்ன சிரிப்பு என்று மூலைவீட்டுக்காரி பக்கத்தில் நின்றவளின் காதைக் கடித்தாள். அடக்கத்துக்கு எல்லாரும் போனபோது தலைவலி என்று வீட்டில் தங்கிவிட்டவள் இவள் ஒருத்திதான் என்பதும் அதே காதில் இன்னொரு முறை போடப்பட்டது.

நடந்தது இதுதான். முன்பக்கத்துப் பக்கெட்டை உயரத் தூக்கியபடி வந்த லோடர், வளைவில் திரும்பாமல் நேராகப் போய்க் கல் அடுக்கில் மோதியது. சரிந்த கற்களில் ஓட்டுநர் நசுங்கிப் போனார். அவரை எடுத்ததும், வேறு எதையும் தொடக் கூடாது என்று ஆபீசர் போனிலேயே உத்தரவு போட்டார். தூக்கிய பக்கெட்டுக்கு மரக்கட்டைகளை முட்டுக் கொடுத்து, வண்டியை நின்றது நின்றபடி விட்டுவிட்டார்கள்.

பொழுது சாய்வதற்குள் தெரு தீர்ப்பு எழுதிவிட்டது. ஹைட்ராலிக் ஆயில் குறைந்தால் லோடரின் ஸ்டீயரிங் இறுகிவிடும். ஆயில் பார்ப்பது மெக்கானிக்கின் வேலை. அவர் பார்க்கவில்லை, ஒரு உயிர் போய்விட்டது. மூலைவீட்டுக்காரி சைக்கிள்கூட ஓட்டியதில்லை. ஆனால் அன்றைக்கு அவள் பேசியதைக் கேட்டிருந்தால், அந்த லோடரைப் பெற்று வளர்த்ததே அவள்தான் என்று நினைத்திருப்பீர்கள்.

மெக்கானிக் வாயே திறக்கவில்லை. தெருவில் அவருக்கு ஊமைக்கோட்டான் என்றே பெயர். கல்யாணமான பதினோரு வருடத்தில் அவர் பேசியதையெல்லாம் ஒரு மணி நேரத்தில் சொல்லி முடித்துவிடலாம். வைத்த சோறு வைத்தபடி காய்ந்தது. ஆபீசர் வந்து கண்ணாடியைப் பார்க்கட்டும் என்று மட்டும் சுவரைப் பார்த்துச் சொன்னார். தூக்குக்கு நாள் குறிக்கப்பட்டவன் பேசுவதைப்போல அது மனைவியின் காதில் விழுந்தது.

விபத்தன்று காலையில் ஆயில் பார்த்தீர்களா என்று அவள் கேட்டிருக்கலாம். இல்லை என்று சொல்லிவிட்டால்? கேட்கவில்லை.

தலைவலி வந்த கதை இதுதான். வாட்ச்மேன் உட்பட அத்தனை பேரும் அடக்கத்துக்குப் போயிருந்த உச்சி வெயிலில் அவள் குவாரிக்குள் போனாள். கண்ணாடியைப் பார்த்தாள். ஆயில் பாதிதான் இருந்தது.

தினமும் அவருக்குச் சாப்பாடு கொண்டுவந்து கொடுப்பவளுக்கு எந்த டின், எந்த மூடி என்பதெல்லாம் அத்துப்படி. அவள் வரும் நேரத்தில் வண்டிகள் பக்கெட்டைத் தரையில் ஊன்றி ஓய்ந்து கிடக்கும். அவர் ஒவ்வொரு கண்ணாடியாகப் பார்த்துக்கொண்டு வருவார். ஒரு நாளும் ஆயில் மேல்கோட்டைவிட்டு இறங்கி அவள் கண்டதில்லை. ஷெட்டிலிருந்து டின் டின்னாகத் தூக்கிவந்து, மூச்சு வாங்க வாங்க, மேல்கோடு வரைக்கும் ஊற்றினாள். மூடியை இறுக்கினாள். சிந்தியதைத் துடைத்தாள். புருஷனைக் காப்பாற்றிவிட்டோம் என்ற தெம்பில் அன்றைக்கு இரண்டு கவளம் சோறும் இறங்கியது.

இப்போது ஆபீசர் கண்ணாடியிலிருந்து முகத்தை எடுத்தார்.

"ஃபுல்லா இருக்கு."

கூட்டம் மூச்சு விட்டது. அந்த மனுஷன் தப்புப் பண்ணுகிற ஆளே இல்லை என்று தான் முதல் நாளே சொன்னதாக மூலைவீட்டுக்காரி ஆரம்பித்துவிட்டாள். மனைவி ஆசையாகப் புருஷனின் முகத்தைத் தேடினாள். அது சாம்பல் பூத்துக் கிடந்தது.

ஆபீசர் அண்ணாந்து, கட்டைகளின் மேல் நின்ற பக்கெட்டைப் பார்த்தார்.

"ஏம்ப்பா மெக்கானிக், பக்கெட் மேல நிக்கும்போது கண்ணாடியில எவ்வளவு தெரியணும்?"

"பாதி, சார்."

"மீதி?"

"தூக்கிப் பிடிக்கிற சிலிண்டருக்குள்ள இருக்கும் சார். பக்கெட்டை இறக்கினாத்தான் டேங்குக்குத் திரும்பி வரும்."

"அப்போ இது பாதியா இருந்திருந்தா எல்லாம் சரின்னு அர்த்தம். ஓட்டினவர் கண் அசந்துட்டார்னு எழுதிட்டுப் போயிருப்பேன்." ஆபீசர் கைக்குட்டையை மடித்தார். "ஆனா ஃபுல்லா இருக்கு. விபத்துக்கு அப்புறம் யாரோ ஊத்தியிருக்காங்க. குறைஞ்சதை மறைக்கணும்னு பயந்தவன், பக்கெட் மேல நிக்கறதையா யோசிப்பான்? முன்னாடி எவ்வளவு இருந்துச்சுன்னு இனிமே யாராலயும் நிரூபிக்க முடியாது. ஊத்தினவன் ஜெயிலுக்குப் போயே ஆகணும்."

பாதி. பாதிதான் இருந்தது. புருஷன் ஆயில் பார்த்திருக்கிறார். ஒரு சொட்டுக்கூடக் குறையாமல் வைத்திருந்திருக்கிறார். சொல்லிவிட ஒரு அடி முன்னால் வைத்தாள்.

மெக்கானிக் திரும்பி அவளை ஒரே ஒரு தரம் பார்த்தார். பதினோரு வருடமாகப் பேச்சுக்குப் பதிலாக முகத்தைப் படித்தே குடும்பம் நடத்தியவர். கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஆபீசரின் முன்னால் போய் நின்றார்.

"நான்தான் ஊத்தினேன், சார்."