பெருசோட வரிசை

மருமகள் பக்கத்து அறையில் போனில் பேசிக்கொண்டிருந்தாள்.

"நான் ஒழுங்கா அடுக்கி வச்சாலும், பெருசு கடைசியில வந்து எல்லாத்தையும் மாத்தி அடுக்குது. தினமும் இதே ரோதனை. பேசாம பெருசைத் தூக்கிடலாமா?"

சமையலறை அலமாரியை அடுக்கிக்கொண்டிருந்த மாமனார் காதில் அது விழுந்தது. போய்ப் பெட்டியைக் கட்டினார்.

"எங்க மாமா கிளம்பிட்டீங்க?"

"நான் அடுக்குறது பிடிக்கலைன்னா என்கிட்டயே சொல்லியிருக்கலாமேம்மா."

திகைத்தவள், சட்டென்று சிரித்துவிட்டாள்.

"ஐயோ மாமா! நாங்க எழுதுற கோடிங் வரிகளைக் கடைசியில வரிசைப்படுத்துற பழைய புரோகிராமுக்குத்தான் ஆபீஸ்ல பெருசுன்னு பேரு. நான் கோடிங் எழுதுற எடிட்டர் சாஃப்ட்வேர் ஒரு மாதிரி அடுக்கும், அது வேற மாதிரி அடுக்கும்."

"அதைத் தூக்கிட்டியா?" கவலையோடு கேட்டார்.

"மனசு வரலை," என்று பெட்டியை வாங்கிக்கொண்டாள். "பெருசு சொல்றபடியே கேளுன்னு எடிட்டரோட செட்டிங்கைத்தான் மாத்திட்டேன்."