மஞ்சள் சீட்டு

இடது இன்ஜின் நிற்பதற்கு முன்பே என் அக்கா மகளின் வலது கால் அழுத்தத் தொடங்கிவிட்டது.

அதை என் திரையில் பார்த்தேன். பைலட்டின் காலடியில் இரண்டு மிதிகள் உண்டு. எந்த மிதியில் எவ்வளவு அழுத்தம் விழுகிறது என்று எனக்கு முன்னால் இரண்டு கோடுகள் ஓடும். வலது கோடு மெல்ல ஏறிக்கொண்டிருந்தது. இடது கோடு படுத்தே கிடந்தது.

என் விரல் இன்னும் பொத்தானைத் தொடவேயில்லை.

நாங்கள் இருந்தது விமானத்தில் அல்ல. விமானத்தின் மூக்கை மட்டும் வெட்டி எடுத்து, ஆறு இரும்புக் கால்களின்மேல் நிறுத்தியது போன்ற பயிற்சிப் பெட்டி. சிமுலேட்டர். உள்ளே உட்கார்ந்தால் முன்னால் ஓடுபாதை தெரியும். சக்கரம் உருளும் அதிர்வு இடுப்பில் ஏறும். அதைப் பழுதுபார்ப்பது என் வேலை. தேர்வு நாட்களில் பின்னால் உட்கார்ந்து, தேர்வாளர் கையசைத்ததும் எதையாவது கெடுத்துவிடுவதும் என் வேலைதான்.

இரண்டு இன்ஜினில் ஒன்று நின்றால் என்ன ஆகும்? இரண்டு பேர் தள்ளிக்கொண்டு போகும் வண்டியில் ஒருவர் கையை எடுத்துவிட்டால் என்ன ஆகுமோ அதுதான். கை எடுத்தவர் பக்கமாக வண்டி திரும்பும்.

இடது இன்ஜின் நின்றால் விமானத்தின் மூக்கு இடப்பக்கம் இழுக்கும். வலது மிதியை அழுத்தி நேராக்க வேண்டும். வலது நின்றால் இடது மிதி. அப்போதுதான் தரையை விட்டு எழும்பிய விமானத்தில் இதற்குக் கிடைப்பது இரண்டு மூன்று நொடிதான். கால் மாறிவிட்டால், விமானத்தை நாமே கவிழ்க்கிறோம் என்று அர்த்தம்.

ஆகவே எந்த இன்ஜின் நிற்கப்போகிறது என்று தெரியாமல் இருப்பதில்தான் இந்தத் தேர்வே இருக்கிறது.

பெட்டியின் கதவில் ஒரு மஞ்சள் சீட்டு. உள்ளே எது வேலை செய்யவில்லையோ அதை எழுதி வாசலில் ஒட்ட வேண்டும் என்பது விதி. நல்ல விதிதான். சீட்டில் என் கையெழுத்தில் இருப்பது: ‘இடது மிதியின் சென்சார் பழுது. உதிரி பாகம் வரும்வரை வலது இன்ஜின் பயிற்சி கிடையாது.’

அதை ஒட்டிப் பத்து மாதம் ஆகிறது.

அந்தப் பத்து மாதத்தில் முப்பத்தெட்டுப் பேர் அதைப் படித்துவிட்டுத்தான் உள்ளே வந்தார்கள். யாரையும் காத்திருக்கச் சொல்ல முடியவில்லை. புதிய ஊர்களுக்கு விமானம் விட கம்பெனிக்கு அவசரம். முன்பெல்லாம் ஆயிரத்தைந்நூறு மணி நேரம் பறந்தவர்களைத்தான் வேலைக்கு எடுப்பார்கள். இப்போது இருநூறு போதும் என்கிறார்கள்.

“எந்த இன்ஜின்னு கேக்காதீங்கப்பா, நம்மகிட்ட சாகறதுக்கு இருக்கிறதே ஒண்ணுதான்” என்பார் தேர்வாளர். எல்லோரும் சிரிப்பார்கள்.

எல்லோரும் தேறினார்கள், இவளைத் தவிர.

முதல் இரண்டு முறையும் இவள் என்ன செய்தாள் தெரியுமா? பெட்டி இழுத்ததும், எந்த இன்ஜினின் முள் இறங்குகிறது என்று குனிந்து பார்த்தாள். பார்த்து, உறுதி செய்துகொண்டு, அதற்குப் பிறகு காலை அழுத்தினாள். நாலு நொடி ஆகிவிட்டது.

மூன்றாவது முறையும் தவறினால் வேலை உத்தரவு ரத்து. அக்கா காலையிலிருந்து மூன்று தடவை போன் செய்துவிட்டாள். “டேய், நீதான உள்ள உக்காந்திருக்க? பாத்துக்கடா.”

போன வாரம் அவர்கள் வீட்டில் சாப்பிட்டுக் கை கழுவும்போது நானே இவளைக் கேட்டேன். “வாசல்ல சீட்டு ஒட்டியிருக்கே, படிச்சியா இல்லையா நீ?”

படித்துவிட்டாள் போலிருக்கிறது. இன்று எந்த முள்ளையும் பார்க்கவில்லை. குனியவே இல்லை.

தேர்வாளர் கையசைத்தார்.

என் முன்னால் இரண்டு பொத்தான்கள். இடது, வலது. நடுவில் ஒரு விரல் அகலம் இடைவெளி. வலது கோடு ஏறிக்கொண்டே இருந்தது. பெட்டியின் மூக்கு கொஞ்சம் வலப்பக்கம் நகரக்கூடத் தொடங்கிவிட்டது. தேர்வாளர் தாளில் தேதி எழுதிக்கொண்டிருந்தார்.

இடதை அழுத்தினேன்.

மூக்கு நேராக நின்றது. கோடு போட்டது போல.

தேர்வாளர் நிமிர்ந்து பார்த்து விசிலடித்தார். “அரை நொடிகூட ஆகலையே! கால்ல கண்ணு வச்சிருக்கியாம்மா?”

தாளில் கையெழுத்துப் போட்டார்.

வெளியே வந்ததும் அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். உள்ளங்கை சில்லென்று நனைந்திருந்தது.

“திங்கக்கிழமை மொத ஃபிளைட் மாமா. அம்மாவையும் ஏத்திக்கிட்டுப் போறேன்.”

இரும்புப் படிகளில் தடதடவென்று இறங்கி ஓடினாள். கீழே போனில் கத்துவது கேட்டது. அக்காவின் அழுகையும் கேட்டது.

நான் கதவுக்குத் திரும்பி, மஞ்சள் சீட்டின் ஓரத்தை நகத்தால் நெம்பினேன். பத்து மாதப் பசை. கதவின் பெயிண்டையும் கொஞ்சம் பிய்த்துக்கொண்டுதான் வந்தது.

நேற்று மாலையே கிழித்திருக்க வேண்டியது.

உதிரி நேற்றுக் காலையில் வந்துவிட்டது. நானே மாட்டினேன். நானே பைலட் இருக்கையில் உட்கார்ந்து, வலது இன்ஜினை நிறுத்தி, இடது மிதியை மிதித்துப் பார்த்தேன்.

ஒரு குறையும் இல்லை.