ஞாயிற்றுக்கிழமைப் பேரம்

ஆம்பிளை மிடுக்கின் விலை மாதம் நாலாயிரத்து இருநூறு. எவ்வளவு பேசியும் கம்பெனிக்காரன் பத்து ரூபாய்கூடக் குறைக்கவில்லை. மிளகாய் மண்டி தவசிலிங்கத்துக்கு வயது அறுபத்தெட்டு. தோளில் பதித்த வில்லை ஆண்மைச் சுரப்பான டெஸ்டோஸ்டிரோனை அளவாக உடம்பில் இறக்க, சோர்ந்து வீட்டில் கிடந்தவர் மறுபடி ஏலத்தில் எல்லோரையும் அடித்துப் பேசினார்.

மனைவி கனகமணிதான் மசியவில்லை.

"சோர்ந்து கிடந்த ஆறு மாசம்தான் நான் பேசினதைக் காதுல வாங்கினீங்க. ஞாயித்துக்கிழமை அந்த வில்லையை அணைச்சு வைங்க."

"அரை நாள்."

"முழு நாள்."

"மத்தியானச் சாப்பாட்டுக்கு மேல?"

அவள் எழுந்து நடந்தாள். விலை படியாவிட்டால் எழுந்து போவது அவருடைய வித்தை. நாலடி வைப்பதற்குள் கூப்பிட்டார்.

"சரி, முழு நாள். பேரம் முடிஞ்சுதா?"

"இனிமேலுக்கு முடிஞ்சுது," என்றாள். "கல்யாணமாகி நாப்பது வருஷம். பழைய பாக்கி ரெண்டாயிரத்து எண்பது ஞாயிறு."