பூசணிக்காய் என் கையில்

திருவொற்றியூரில் எங்கள் தெருமுனையில் அந்தப் பழைய அம்பாசிடர் நிற்கிறது. அதன் முகப்பில் பட்ட காலை வெயில் எண்ணூர் வரைக்கும் கண்ணைக் கூசச் செய்கிறது. ஓடியது இரண்டு லட்சத்துப் பதினோராயிரம் கிலோமீட்டர். நிலாவுக்குப் பாதி வழி தாண்டிப் போய், வீட்டு ஞாபகம் வந்து திரும்பிய வண்டி. ஒரு கதவைச் சாத்தினால் இன்னொரு கதவு திறந்துகொள்கிறது. ஆனாலும் ஆறு மாதமாக நான் ஏங்கிய வண்டி. முந்திக்கொண்டு வாங்கிவிட்டான் தேசிங்கு, துறைமுகத்தில் முப்பது வருஷம் என் பக்கத்தில் கிரேன் ஓட்டியவன். என் வயிற்றில் கப்பல் கொதிகலனே எரிகிறது. நான்கு சக்கரத்தடியிலும் எலுமிச்சம்பழம். அவன் மனைவி பூவம்மா, கற்பூரம் எரியும் பூசணிக்காயை என் கையில் வைக்கிறாள்.

“நீயே சுத்திப் போடுண்ணா. தெருவே கொள்ளிக்கண்ணா கீது. உன்னுது ஒண்ணுதான் நல்ல கண்ணு.”

பூசணிக்காய் ஒரு டன் கனக்கிறது. ஊர்க் கண்ணு, உறவுக் கண்ணு, நாய்க் கண்ணு, நரிக் கண்ணு என்று உரக்கச் சொல்லி மூன்று முறை சுற்றுகிறேன். என் கண்ணை மட்டும் விட்டுவிட்டு ஓங்கி உடைக்கிறேன். அப்படியும் தேசிங்கு சாவியைத் திருப்பியதும் என்ஜின் ஒரே உறுமலில் உயிர்பெற்றுவிடுகிறது.

“இன்னா மாமு, வேடிக்கை பாத்துகினு கீற? முன்னால ஏறு,” என்கிறான் தேசிங்கு.

ஏறுகிறேன். கண்ணாடியை இறக்கி முழங்கையை வெளியே வைக்கிறேன். எலுமிச்சம்பழங்கள் நசுங்குகின்றன. எதிர்வீட்டுப் பகலவன், பல் துலக்குவதை நிறுத்திவிட்டு, என்னையே பார்க்கிறான். எனக்குத் தெரியாதா அந்தப் பார்வை? இன்னொரு பூசணிக்காய் வாங்கியிருக்க வேண்டும்.